சரிவில் இறங்கிப் போன சக்

மனிசாலெஸ் ஊரில் சமதரை என்று ஒன்று இருந்தால் அதை யாரோ செலவு செய்து வெட்டியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். பெலார்மினோ ஒகாம்போவின் லேத் பட்டறை இருந்த தெருவில் அந்தச் செலவைக்கூட யாரும் செய்திருக்கவில்லை. ஏறுகிறவனுக்கு மூச்சு போகும், இறங்குகிறவனுக்கு முட்டி போகும். பட்டறை தெருவின் உச்சியில். தெரு அங்கிருந்து நேராகக் கீழே விழுந்து, முடிதிருத்தும் கடையருகே ஒரு வளைவு வளைந்து, கோவில் சதுக்கத்தில் போய்த்தான் ஆசுவாசப்படும்.

பெலார்மினோவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குட்டை உருவம், தடித்த கழுத்து, பேச்சில் மகா கஞ்சன். காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் எந்திரங்களுக்குத் தண்டு கடைந்து கொடுப்பது அவர் தொழில். அவருடைய லேத் அவரைவிட மூத்தது. வேகத்தை மாற்ற வேண்டுமென்றால் மோட்டாரை நிறுத்தி, மூடியைத் திறந்து, பெல்ட்டைத் தளர்த்தி, அடுத்த புல்லிக்குத் தள்ளி, மறுபடி இறுக்க வேண்டும். அவர் விரல் நகங்களில் ஏதாவது ஒன்று எப்போதும் கறுத்தே இருக்கும். அதையெல்லாம் அவர் குறையாக நினைத்ததில்லை. கீழே சதுக்கத்தில் வீட்டோடு சேர்ந்த பட்டறை வைத்திருந்த ரூபியேல் தன் லேத்துக்கு டிரைவ் மாட்டும் வரைக்கும் நினைத்ததில்லை.

இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கோவில் மணிக்கு நாக்கு கடைந்து தரும்படி பங்குத் தந்தை ஞாபகமறதியில் இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டார். இரண்டு பேரும் கடைந்துகொண்டு வந்தார்கள். மணியில் தொங்கியது ரூபியேலுடையது. அன்றிலிருந்து தெருவில் எதிர்ப்பட்டால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், மற்றவர் தன் செருப்பைப் பார்ப்பார். மணி அடிக்கும்போதெல்லாம் பெலார்மினோ முகம் சுளிப்பதை அவர் மனைவி ஃபாபியோலா கவனித்திருக்கிறாள்.

இப்போது தண்டு வாங்க வருகிற விவசாயிகள் எல்லோரும் ரூபியேலின் டிரைவைப் பற்றியே பேசினார்கள். அவர் ஒரு குமிழைத் திருகுகிறாராம், வேகம் ஏறுகிறதாம். மறுபக்கம் திருகுகிறாராம், இறங்குகிறதாம். பித்தானை அழுத்தினால் 'ஆமென்' சொல்லி முடிப்பதற்குள் நின்றுவிடுகிறதாம். சொல்லிவிட்டு அவர்கள் பெலார்மினோவின் கறுத்த நகத்தை இரக்கத்தோடு பார்ப்பார்கள். அந்த இரக்கத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ஃபாபியோலாவின் அண்ணன் ஹில்தார்தோ மின்சாதனக் கடையில் விற்பனையாளர். தான் விற்கிற எதையும் முதலில் தானே முழுசாக நம்பிவிடுகிற ஆள். அதனால் அவர் சொல்வதில் பொய் இருக்காது, உண்மை மட்டும் சில சமயம் இருக்காது. மாப்பிள்ளை ஒரு டிரைவ் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று அவர் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை காலை, பெலார்மினோ கடைசியாகத் தலையை அசைத்தார். அசைத்தது சம்மதத்துக்கா அலுப்புக்கா என்று கேட்க ஹில்தார்தோ காத்திருக்கவில்லை. மத்தியானத்துக்குள் டிரைவும் அதற்கேற்ற மோட்டாரும் வந்து இறங்கிவிட்டன.

டிரைவ் என்பது ஒரு சாப்பாட்டுத் தூக்கு அளவில் சாம்பல் நிறப் பெட்டி. வீட்டுக்கு வருகிற மின்சாரம் எப்போதும் ஒரே தாளத்தில் வரும். பெட்டி அதை வாங்கிக்கொண்டு, நாம் கேட்கிற தாளத்துக்கு மாற்றி மோட்டாருக்கு அனுப்பும். தாளம் கூடினால் லேத்தின் ஸ்பிண்டில், அதாவது சுழலும் அச்சு, வேகமாகச் சுற்றும், குறைந்தால் மெதுவாக. ஹில்தார்தோ பெட்டியைச் சுவரில் மாட்டி, கம்பிகளை இணைத்து, அதன் சின்னத் திரையில் எண்களைத் தட்ட ஆரம்பித்தார். எவ்வளவு நேரத்தில் வேகம் பிடிக்க வேண்டும், எவ்வளவு நேரத்தில் நிற்க வேண்டும் என்றெல்லாம் பெட்டிக்கு நாம்தான் சொல்ல வேண்டுமாம்.

"நிறுத்துற நேரம் எவ்வளவு வைக்கட்டும், மாப்ள?"

"எப்பவும் சுத்தி ஓஞ்சு தானா நிக்கும். அப்படியே இருக்கட்டும், மச்சான்."

"தானா நிக்கறதுக்கு எதுக்கு டிரைவ்? ரூபியேலோடது 'ஆமென்' சொல்றதுக்குள்ள நிக்குதாம். ஊரெல்லாம் அதான் பேச்சு."

பெலார்மினோ லேத்தைப் பார்த்தார். முப்பது வருஷமாக அதன் மேல் கை வைத்துப் பழகிய ஏதோ ஒன்று அவர் உள்ளுக்குள் 'வேண்டாமே' என்றது. அந்த நேரம் பார்த்துக் கீழே கோவில் மணி அடித்தது.

"அப்ப நம்மளுது 'ஆ'ங்கறதுக்குள்ள நிக்கற மாதிரி வை," என்றார்.

மெதுவான வேகத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். நன்றாகவே ஓடியது, நன்றாகவே நின்றது. பெலார்மினோ குமிழைத் திருகினார். லேத்தின் குரல் ஏறியது. திருப்பினார், இறங்கியது. மறுபடி ஏற்றினார். இத்தனை வருஷமாக நாலு வேகம் மட்டுமே தெரிந்த எந்திரம், அவற்றுக்கு நடுவில் இருந்த அத்தனை வேகங்களையும் இப்போது ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் காட்டியது. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்ததை அவரே அறியவில்லை. ஃபாபியோலா எட்டிப் பார்த்தாள். கல்யாணப் புகைப்படத்தில்கூட அந்தச் சிரிப்பு இல்லை. அவள் உடனே அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு அனுப்பிவிட்டு, பாலாடைக்கட்டி உருண்டைகளைப் பொரிக்கப் போனாள்.

சாயங்காலம் பட்டறையில் ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்துவிட்டது. பெட்டிகள் மேலும் கவிழ்த்த வாளிகள் மேலும் உட்கார்ந்து, கையில் சூடான வெல்லத் தண்ணீரோடு, எல்லோரும் லேத்தைப் பார்த்தார்கள். ஹில்தார்தோ ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினார். பெலார்மினோ வேலை அங்கியைச் சரிசெய்துகொண்டு பித்தானை அழுத்தினார், குமிழைக் கடைசி வரைக்கும் திருகினார்.

ஸ்பிண்டிலின் முனையில் வேலைத் துண்டைக் கவ்விப் பிடிக்கிற சக் இருக்கிறதே, கனமான இரும்பு உருளை, அது காலியாகத்தான் இருந்தது. தாடைகள் மூன்றும் உள்ளே இழுக்கப்பட்டிருந்தன. அது சுற்றிய சுற்றில் தாடைகள் மறைந்து, பளபளப்பான ஒரு வட்டம் மட்டும் தெரிந்தது. பட்டறையே ஒரே சுருதியில் பாடியது. பக்கத்து வீட்டுக்காரி கையைக் காதில் வைத்துக்கொண்டு ரசித்தாள்.

பெலார்மினோ கூட்டத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, நிறுத்தும் பித்தானை அழுத்தினார்.

ஸ்பிண்டில் நின்றது. சொன்னபடி, 'ஆ' என்பதற்குள் நின்றது. ஆனால் அந்தச் செய்தி சக்குக்குப் போய்ச் சேரவில்லை. இந்தக் காலத்து லேத்துகளில் சக்கைப் பூட்டி மாட்டுவார்கள். பெலார்மினோவுடையது பழைய லேத், சக்கை மரையில் திருகி மாட்டுவது. ஸ்பிண்டில் நின்ற பிறகும் சக் தன் வேகத்திலேயே சுற்றி, மரையிலிருந்து தன்னைத்தானே கழற்றிக்கொண்டு, கீழே விழுந்து, லேத்தின் இரும்புப் படுகையில் ஒரு பொறி பறக்கவிட்டு, தரையில் குதித்து, பெலார்மினோவின் இரண்டு கால்களுக்கும் ஒரு சாண் தள்ளி உருண்டு போயிற்று.

யாரும் அலறவில்லை. அதற்கு நேரமில்லை. வீடு கழுவும்போது தண்ணீருக்குக் கால் தூக்குவது போல எல்லோரும் வரிசையாகக் கால்களைத் தூக்கினார்கள். உருண்டைத் தட்டோடு உள்ளே வந்துகொண்டிருந்த ஃபாபியோலா ஒதுங்கி வழிவிட்டாள். சக் வாசல்படியைத் தாண்டி, இடமா வலமா என்று யோசிப்பது போல ஒரு கணம் தள்ளாடி, பிறகு அந்த ஊரில் எல்லாப் பொருளும் எடுக்கிற முடிவையே எடுத்தது. கீழ்நோக்கித் திரும்பிற்று.

பெலார்மினோ முதலில் பார்த்தது ஸ்பிண்டிலின் முனையைத்தான். வெறும் மரையோடு அது நின்ற கோலம், பல்செட்டைக் கழற்றிய பெரியவரைப் பார்க்கக் கூடாத நேரத்தில் பார்த்துவிட்டது போலிருந்தது. அப்புறம்தான் ஓடினார்.

பின்னாலேயே ஹில்தார்தோவும் ஓடிவந்தார். ஓடும்போதும் பேசினார். டிரைவின் மேல் குற்றமே இல்லையாம். சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறதாம். இப்படிக் கீழ்ப்படிகிற சாமானை அவர் இதுவரை விற்றதே இல்லையாம். முன்னால் சக் கல் பாவிய சாலையில் டக்டக்கென்று தட்டிக்கொண்டு வேகம் பிடித்தது. வாழைக்காய்க் குலைகளை ஏற்றிக்கொண்டு முக்கி முக்கி மேலே வந்த ஒரு ஜீப் அதற்கு வழிவிட்டு ஓரம் ஒதுங்கியது. ஓட்டுநர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். சக் வளைவில் திரும்பிற்று. இவர்கள் வளைவுக்கு வந்தபோது அங்கே ஒன்றுமில்லை.

முடிதிருத்துகிறவர் கையில் கத்தியோடு வாசலில் நின்றார். கேஸ் சிலிண்டர் ஒன்று போனதாகச் சொன்னார், அதில் தீ இருந்ததாகவும் சொன்னார். நாற்காலியில் பாதி மழித்த முகத்தோடு இருந்தவர், தீ இல்லை, புகைதான் என்று திருத்தினார். அதற்குக் கீழே லாட்டரிச் சீட்டு விற்கிற அம்மாள், லாரிச் சக்கரம் கழன்று போனதாகச் சத்தியம் செய்தாள்.

"அது உங்களுதா? அதுல ஏதும் நம்பர் போட்டிருக்குமா?" என்று கேட்டாள். "இன்னிக்குக் குலுக்கல் இருக்கு, அதான்."

பெலார்மினோ நடையை நிறுத்தவில்லை. சக்கில் ஓர் எண் பொறித்திருப்பதாக ஹில்தார்தோ அவளிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

சதுக்கத்துக்கு வந்தபோது அங்கே ஊரே கூடியிருந்தது. பூச்செடிப் பாத்தியைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டி, இரண்டு போலீஸ்காரர்கள் ஜனங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பாத்திக்கு நடுவில், செம்பருத்திச் செடிகளைச் சாய்த்துப் படுக்கவைத்து, தன் மூன்று தாடைகளையும் வானத்துக்குக் காட்டியபடி சக் மல்லாந்து கிடந்தது. யாருக்கும் அடிபடவில்லை என்று தெரிந்ததும் பெலார்மினோவுக்கு முதல் முறையாக மூச்சு வந்தது. கூட்டத்தின் முதல் வரிசையில் ரூபியேல் நிற்பதைப் பார்த்ததும் அது திரும்பிப் போயிற்று.

சார்ஜென்ட் சிஃபுவெந்தெஸ் கவனமான மனிதர். மேலேயிருந்து தானாக உருண்டு வந்திருக்கிறது, இரும்பு, நடுவில் ஓட்டை, மூன்று பற்கள், யாரும் உரிமை கோரவில்லை. அவருடைய பயிற்சி அவருக்கு ஒன்றைத்தான் சொன்னது. பட்டாளத்திலிருந்து வெடிகுண்டு நிபுணரை வரச் சொல்லி வயர்லெஸ்ஸில் கேட்டிருந்தார். இது யாருடையது என்று தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கூட்டத்தைப் பார்த்து உரக்கக் கேட்டார்.

பெலார்மினோ கோவில் கோபுரத்தைப் பார்த்தார். சொல்லிவிட்டால் ரூபியேல் முன்னால் சொல்ல வேண்டும். ரூபியேல் அன்று முழுக்கச் சிரிப்பார். அறுவடை நேரத்தில் தண்டு வாங்க வருகிற விவசாயிகள் ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சிரிப்பார். பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டு, எல்லோரும் கலைந்த பிறகு வந்து தூக்கிக்கொண்டு போனால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. ஹில்தார்தோ வாயைத் திறந்தபோது பெலார்மினோ அவர் காலை மிதித்தார். அவர் வாயை மூடி நின்றது இந்த ஒரு முறைதான்.

"யாருமே இல்லியா?" என்றார் சார்ஜென்ட். "சரி. நிபுணர் வந்ததும் இங்கேயே வெடிக்க வெச்சுடுவாரு. எல்லாரும் தெருவுக்கு அந்தப் பக்கம் போங்க."

வெடிக்க வைத்துவிடுவார் என்றதும் பெலார்மினோ திரும்பிச் சக்கைப் பார்த்தார். அந்தச் சக்கை அவர் எத்தனை தடவை பிரித்துக் கழுவி எண்ணெய் போட்டிருக்கிறார். அதன் இரண்டாம் தாடை லேசாகப் பிடிக்கும், கீழிருந்து தட்டினால் விடும் என்பது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் நாடாவுக்கு அடியில் குனிந்து உள்ளே போனார்.

"அது என்னுது," என்றார். "என் லேத்தோட சக்கு."

சார்ஜென்ட் அவரையும் பார்த்தார், தெருவின் உச்சியையும் பார்த்தார். லேத் அங்கே, சக் இங்கே. அது எப்படி? பெலார்மினோவுக்கு விளக்கத் தெரிந்திருந்தது, வாய்தான் வரவில்லை. ஹில்தார்தோவுக்கு வாய் வந்தது, ஆனால் அவர் விளக்கத்தைக் கேட்ட பிறகு சார்ஜென்ட்டின் சந்தேகம் இரண்டு மடங்கானது. கடைசியில் அவர், இந்தத் தொழில் தெரிந்த வேறு யாராவது பார்த்துச் சொன்னால் நம்புவதாகச் சொன்னார். கூட்டம் மொத்தமும் ரூபியேல் பக்கம் திரும்பியது.

ரூபியேல் உயரமான, ஒல்லியான மனிதர். நாடாவைத் தாண்டி நிதானமாக வந்தார். சக்கை ஒரு முறை சுற்றி வந்தார். குனிந்தார், நிமிர்ந்தார். பெலார்மினோவை ஏறிட்டுப் பார்த்தார். மணிநாக்குக்குப் பிறகு அவர் பெலார்மினோவின் முகத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. என்ன வேண்டுமானாலும் சொல்லக்கூடிய இடத்தில் அவர் நின்றார், அது பெலார்மினோவுக்கும் தெரிந்தது.

"குண்டு இல்ல, சார்ஜென்ட். சக்குதான்," என்றார் ரூபியேல். "அவருதுதான்."

அதோடு நிறுத்தியிருந்தால் அவருக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காது. ஆனால் ஊரே வாய் பிளந்து கேட்கும்போது எந்தக் கடைசல்காரனால் நிறுத்த முடியும்? டிரைவ் மாட்டுகிறவர்கள் பழைய லேத்துக்கு நிறுத்தும் நேரத்தைக் குறைவாக வைக்கக் கூடாது என்று ஆரம்பித்தார். வெட்டும்போது சக் இறுகும், சட்டென்று நிறுத்தினால் அதே சக் கழலும் என்று கையைச் சுழற்றிக் காட்டினார். சார்ஜென்ட் ஆர்வமாகத் தலையாட்டினார்.

"கழண்டு விழுந்ததும் தரையில ஒரு குதி குதிக்கும், சார்ஜென்ட். குதிச்சா அதுக்கு எங்கேயிருந்துதான் அவ்வளவு பலம் வருமோ. நேரா போயி அடுப்பங்கரைச் சுவத்துல ஒரே இடி, செங்கல்லெல்லாம் பொலபொலன்னு..."

அங்கே நின்றுவிட்டார். 'ஆ' என்பதற்குள் நின்றார்.

கூட்டத்துக்குள்ளிருந்து அவர் மனைவி மார்லேனியின் குரல், அதிராமல், தெளிவாக வந்தது.

"எந்த அடுப்பங்கரைச் சுவரு?"

ரூபியேல் செம்பருத்தியைப் பார்த்தார்.

"போன வருசம் நில அதிர்வுல விழுந்துச்சுன்னு சொன்னியே, அந்தச் சுவரா?"

சதுக்கத்தில் முதலில் சிரித்தது யார் என்பதில் இன்றைக்கும் ஊரில் ஒருமித்த கருத்து இல்லை. சார்ஜென்ட் என்று சிலர் சொல்கிறார்கள். போன வருஷம் ஒரு மத்தியானம் ரூபியேலின் வீட்டில் மட்டும் நில அதிர்வு வந்ததும், பக்கத்து வீட்டில் ஒரு கோப்பைகூட அசையாததும், பூமிக்கடியில் ஒரு நரம்பு சரியாகத் தன் வீட்டுக்குக் கீழே ஓடுகிறது என்று அவர் எல்லோருக்கும் விளக்கியதும் இப்போது ஒவ்வொருவருக்காக ஞாபகம் வந்தது. பெலார்மினோ மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டும் என்று எத்தனையோ நாள் ஆசைப்பட்டவர்தான். ஆனால் ரூபியேலின் நீண்ட முகத்தில் இருந்தது, சற்று முன் தன் முகத்தில் இருந்த அதே அவமானம்தான் என்று அவருக்குத் தெரிந்தது.

"தூக்க ஒரு கை குடுக்கிறீங்களா, ரூபியேல்?" என்றார். "தனியா தூக்க முடியாது."

ரூபியேல் நன்றியோடு குனிந்தார். அந்த நேரத்தில் வீட்டுக்குப் போவதைவிட மலை ஏறுவது அவருக்கு எவ்வளவோ மேலாகப் பட்டது.

சார்ஜென்ட் நிபுணரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான், நாடாவைச் சுருட்டினார். இனிமேல் அவரவர் சாமானை அவரவர் கட்டிவைத்துக்கொள்ளும்படி, நாய் வளர்ப்பவர்களுக்குச் சொல்வது போல, இரண்டு பேருக்கும் எச்சரிக்கை சொன்னார். ரூபியேலின் பட்டறையிலிருந்து ஒரு குழாயைக் கொண்டுவந்து சக்கின் நடு ஓட்டையில் நுழைத்து, வேட்டையாடிய பன்றியைச் சுமப்பது போல ஆளுக்கொரு தோளில் வைத்துக்கொண்டு ஏறினார்கள். ஹில்தார்தோ முன்னால் நடந்து கூட்டத்தை விலக்கினார், கூட்டம் இல்லாத இடத்திலும் விலக்கினார். மணிநாக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. அதற்கு மூச்சு இல்லை.

பட்டறையில் சக்கைக் கழுவி, ஓரத்தில் விழுந்திருந்த வடுவை அரத்தால் தேய்த்து, மரையில் நசுங்கியிருந்த முதல் இழையைச் சரிசெய்து, மறுபடி மாட்டினார்கள். சுற்று கோணாமல் இருக்கிறதா என்று டயல் வைத்துப் பார்த்தபோது முள் அசையவில்லை என்றே சொல்லலாம். பெலார்மினோ இரண்டாம் தாடையைக் கீழிருந்து ஒரு தட்டுத் தட்டினார், விட்டது. ரூபியேல் பெட்டியின் பித்தான்களைத் தானே தட்டி, நிறுத்தும் நேரத்தைத் தாராளமாக ஏற்றிவைத்தார். தன்னுடையதையும் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அப்படித்தான் வைத்திருப்பதாக ஒப்புக்கொண்டார். 'ஆமென்' என்பதெல்லாம் மாட்டிய புதிதில் சொன்னது. இப்போது ஒரு ஜெபம் முழுசாகவே சொல்லி முடிக்கலாமாம். சக் கழலாதபடி ஸ்பிண்டிலோடு சேர்த்து முடுக்குகிற ஒரு பட்டை வளையத்தைத் தான் செய்திருப்பதாகவும், அதன் அளவைத் தருவதாகவும் சொன்னார். ஹில்தார்தோ, அந்த வளையத்தை நிறையச் செய்தால் டிரைவோடு சேர்த்தே விற்கலாம் என்றார். இரண்டு கடைசல்காரர்களும் அவரை ஒரே மாதிரி பார்த்தார்கள்.

மிச்சமிருந்த உருண்டைகளை ஃபாபியோலா சூடாக்கிக் கொண்டுவந்தாள். ரூபியேல் இரண்டாவதை எடுக்கும்போது வாசலில் மார்லேனி வந்து நின்றாள். ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. ரூபியேல் உருண்டையைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

அவள் திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் கிளம்பியிருப்பாள். ஆனால் விஷயம் என்னவென்றால், இடிந்த அந்தச் சுவரைத் திரும்பக் கட்டும்போது ரூபியேல் குற்ற உணர்ச்சியில் ஒரு பெரிய ஜன்னல் வைத்துக் கட்டியிருந்தார். இருபது வருஷம் விளக்கைப் போட்டுக்கொண்டு சமைத்தவளுக்கு இப்போது அடுப்படியில் நின்றால் பனிமலை தெரிந்தது. நில அதிர்வு தந்த வரம் என்று அவள் ஞாயிறு தவறாமல் ஒரு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள்.

மார்லேனி லேத்தின் பக்கம் வந்து, மாட்டியிருந்த சக்கைக் கையால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள்.

"படுக்கற ரூமுலயும் வெளிச்சம் பத்தல," என்றாள் ரூபியேலிடம். "அடுத்த தடவ லேத்த அந்தப் பக்கமா திருப்பி வெச்சு நிறுத்து."

பெலார்மினோ அப்போதுதான் சிரித்தார். அவர் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. ரூபியேல் முதலில் முறைத்தார், பிறகு தட்டிலிருந்து தன் உருண்டையை எடுத்துக்கொண்டார்.